வினிகர் அடித்தும் கோரை சாகவில்லையே!
வாசகர் கேள்வி–பதில்: வீட்டைச் சுற்றிக் களை, கைமருந்து, முதுகுத் தெளிப்பான்

வினிகர், உப்பு, சோப்பு மூன்றையும் கலந்து அடித்தால் புல்லே முளைக்காது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அடித்த அன்று சாயங்காலமே எல்லாம் கருகிவிட்டது. பதினைந்து நாளில் கோரையும் அருகும் பழையபடி நிற்கின்றன. அளவு போதவில்லையா?
– வாசகி, கும்பகோணம்

அளவைக் கூட்டினாலும் இதேதான் நடக்கும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் பட்ட இடத்தைச் சுடும், அவ்வளவுதான். இலையிலிருந்து வேருக்கு இறங்காது. கோரையின் உயிரோ மண்ணுக்குள் இருக்கிறது. மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்திப் பாருங்கள். கம்பி போன்ற வேர்த்தண்டில் மணி கோத்தது போலக் கிழங்குகள் தொங்கும். கையால் இழுத்தால் தண்டு அறுந்து கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அருகுக்கு ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. இந்த இரண்டுக்கும் வினிகர் முடிவெட்டின மாதிரிதான்.

விதையிலிருந்து புதிதாக முளைத்து, இரண்டு மூன்று இலை விட்ட சாரணை, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி போன்றவற்றுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மளிகைக் கடை வினிகரில் அமிலம் 4 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். ஆகவே தண்ணீர் சேர்க்காமல் அப்படியே அடிக்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லி பாத்திரம் கழுவும் திரவம் போதும். அது இல்லாவிட்டால் துளிகள் இலையில் ஒட்டாமல் உருண்டு விழும். துணி சோப்பைச் சீவிப் போடாதீர்கள். அமிலம் பட்டதும் சோப்பு பிரிந்து வெள்ளைத் திரியாகத் திரளும், பிறகு வடிகட்டியில் போய் அப்பிக்கொள்ளும். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் நேரத்தில் அடியுங்கள். ஈர இலையில் விழுந்தால் வினிகர் இன்னும் நீர்த்துப்போகும்.

இலை முழுக்க நனைய வேண்டும் என்பதால், களை அடர்ந்த ஒரு சென்டுக்கு (436 சதுர அடி) சுமார் 4 லிட்டர் பிடிக்கும். அந்தக் காசைக் கணக்குப் பார்த்தால் களைக்கொட்டு எவ்வளவோ மேல்.

வீரியம் போதவில்லை என்று கெமிக்கல் கடையில் 99 சதவீத அசிட்டிக் ஆசிட் வாங்கி வந்து கலப்பவர்களும் உண்டு. வேண்டாம். தோலைப் புண்ணாக்கும், கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இன்னொன்று: வினிகர் அடித்த இடத்திலோ வாளியிலோ பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

கோரைக்கு வழி சித்திரை வெயில்தான். ஏப்ரல், மே மாதங்களில் ஓரடி ஆழம் கொத்திப் புரட்டி, கிழங்குகளை மேலே கொண்டுவந்து காயவிடுங்கள். காய்ந்து சுருங்கிய கிழங்கு முளைக்காது. இடையில் மழை பெய்துவிட்டால் பொறுக்கி எடுத்தே ஆக வேண்டும். குப்பைக்குழியில் போடாதீர்கள், எருவோடு திரும்பி வரும்.

அப்படியானால் உப்பை மட்டும் அடிக்கலாமா? தென்னைக்குக்கூட உப்பு போடுகிறோமே?
– வாசகர், பொள்ளாச்சி

தென்னை உப்பைத் தாங்கும் மரம். அதை வைத்து மற்றதை எடைபோட முடியாது. பக்கத்தில் எலுமிச்சையோ வாழையோ இருந்தால் இலை ஓரம் தீய்ந்து காட்டிக் கொடுத்துவிடும். களிமண்ணிலும் கரிசலிலும் சேதம் இன்னும் கூடுதல். உப்பிலுள்ள சோடியம் மண் துகள்களின் பிடிப்பைக் கலைத்துவிடும். பிறகு மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே சேறாக நிற்கும். காய்ந்தால் பாளம்.

மண்ணை விட்டால் அடுத்த அடி கட்டடத்துக்கு. காம்பவுண்டு தூண், சம்ப், தரைக்கு அடியில் போகும் இரும்புக் குழாய் இவற்றின் ஓரமாக உப்புக் கரைசல் ஊற்றினால், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வரை துருப்பிடிக்கும். சுவர் பொரிந்து உப்பு பூப்பதையும் பிறகு பார்க்கலாம்.

உப்புக்கு ஒரு நியாயமான இடம் உண்டு: பயிரிடாத வெற்று மனையில் பார்த்தீனியம். லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல் உப்பு, 2 மில்லி சோப்புத் திரவம். பூக்கும் முன்பே அடிக்க வேண்டும். கல் உப்பில் மண்ணும் தூசியும் இருக்கும் என்பதால் முதல் நாளே கரைத்துத் தெளியவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். நாலைந்து செடிதான் என்றால், மழை பெய்த மறுநாள் கையுறை போட்டு வேரோடு பிடுங்குவதே நல்லது. வெறுங்கையில் தொட்டால் சிலருக்கு அரிப்பு வாரக்கணக்கில் விடாது.

16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. உப்பு–வினிகர் கரைசல் அடித்து வைத்துவிட்டேன். இப்போது மோட்டார் விட்டு விட்டு ஓடுகிறது, மூடிய பிறகும் நுனியில் சொட்டுகிறது. மோட்டார் போய்விட்டதா?
– வாசகர், திண்டுக்கல்

பெரும்பாலும் மோட்டாரில் கோளாறு இருக்காது. நாசில் அடைத்திருக்கும். வெளியேறும் வழி சுருங்கியதும் அழுத்தம் ஏறும், அழுத்தச் சுவிட்சு மோட்டாரை நிறுத்தும், அழுத்தம் இறங்கினால் மறுபடி ஓடும். அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். நாசிலைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். தண்ணீர் தாரையாக, தடையில்லாமல் பாய்ந்தால் குற்றம் நாசிலில். அப்போதும் திக்கினால் கைப்பிடிக்குள் இருக்கும் வடிகட்டியைப் பாருங்கள். மோட்டார் நிற்காமல் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் கதை வேறு: டேங்கின் அடி வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது உறிஞ்சும் குழாய் இணைப்பு தளர்ந்து காற்று இழுக்கும்.

சொட்டுவதற்குக் காரணம், கைப்பிடியின் அடைப்பானில் உப்புப் படிகம் உட்கார்ந்திருப்பது. கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ரப்பர் வளையத்தில் வெட்டு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். நாசில் துளையில் ஊக்கோ கம்பியோ விடாதீர்கள். துளை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் தெளிப்பு கோணலாகிவிடும். வாயால் ஊதவே கூடாது.

பித்தளை நுனியில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, பாருங்கள். வினிகரும் உப்பும் சேர்ந்தால் பித்தளையை அரிக்கும். இத்தகைய கரைசலுக்குப் பிளாஸ்டிக் நாசிலே மேல். அடித்து முடித்ததும் மிச்சத்தை வடித்துவிட்டு, மூன்று லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, நாசில் வழியாகவே வெளியேற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. வெறுமனே டேங்கைக் கவிழ்த்தால் குழாயிலும் பம்பிலும் கரைசல் தங்கிவிடும். பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் பிறகு சார்ஜ் நிற்காது. பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு முறை ஏற்றி வையுங்கள்.

வேலி ஓரம் களைக்கு அடித்தது பக்கத்து வீட்டுக் கத்தரிச் செடியைச் சுட்டுவிட்டது. காற்றே இல்லாத நேரம்தான் பார்த்தேன்.
– வாசகி, தென்காசி

ஸ்பிரேயரோடு வந்த நாசிலை அப்படியே போட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் பூச்சி மருந்துக்கான கூம்பு நாசில். துளியைப் புகை மாதிரிப் பொடியாக்கும், அது மிதந்து போகக் காற்றே தேவையில்லை. களைக்கு வேண்டியது விசிறி மாதிரித் தட்டையாக விரியும் நாசில். வேகக் குமிழ் இருந்தால் குறைத்து வையுங்கள். நுனி களைக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில், ஆடாமல் போக வேண்டும்.

செடிகளுக்கு நடுவே அடிப்பதானால் 5 லிட்டர் தண்ணீர் கேனின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, அதன் வாய் வழியாக நாசிலை நுழைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கேனைக் களைமேல் கவிழ்த்து, ஒரு அழுத்து. செலவில்லாத தெளிப்பு மறைப்பு.

கோமியம், சுண்ணாம்பு, உப்பு, எலுமிச்சை, வேப்பெண்ணெய் சேர்த்த களைக்கொல்லி வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

அதில் இலையைக் கருக்குவது முக்கியமாக உப்பு. சுண்ணாம்பின் காரத்தை எலுமிச்சை முறிக்கும்; ஒன்றை ஒன்று தின்னும் இரண்டையும் ஏன் சேர்க்கிறார்களோ! கோமியத்தில் சுண்ணாம்பு விழுந்ததும் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும், மூடிய அறையில் கலக்காதீர்கள். கரையாத சுண்ணாம்பு ஸ்பிரேயரை அடைப்பது நிச்சயம். உப்புக்குச் சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும்.

பேவர் பிளாக் இடுக்கில் முளைக்கும் புல்லுக்கு?
– வாசகி, சென்னை

கொதிக்கும் தண்ணீர். கெட்டிலின் மூக்கால் இடுக்கைப் பார்த்து ஊற்றுங்கள், வாளியால் வீசினால் பாதியிலேயே ஆறிவிடும். செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினால் வேரும் களைத்துப்போகும்.

களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரைக் கழுவிவிட்டுப் பஞ்சகவ்யா அடிக்கலாமா?
– வாசகர், தேனி

வினிகர் அடித்ததென்றால் மூன்று முறை கழுவிவிட்டு அடிக்கலாம். கடையில் வாங்கிய 2,4-டி அடித்ததென்றால் வேண்டாம். குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சமே தக்காளியையும் பருத்தியையும் இலை முறுக்க வைக்கும். களைக்கென்று தனி ஸ்பிரேயர் வைத்து, டேங்கில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையும் இல்லை.