பின் டயரை அகலமாக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் பைக்கில் கம்பெனியிலிருந்து வந்தது 130/70-17. பின்னாலிருந்து பார்த்தால் மெலிதாகத் தெரிகிறது. 150 போட்டுக்கொள்ளலாமா?

பதில்: டயர் அளவில் முதல் எண் அதன் அகலம், மி.மீ. கணக்கு; கடைசி எண் ரிம்மின் விட்டம், இஞ்ச் கணக்கு. முதலில் ரிம்மைப் பாருங்கள். அலாய் வீலின் ஆரக்காலிலோ ரிம் ஓரத்திலோ ‘17 x எம்.டி. 3.50’ என்பதுபோல் பொறித்திருக்கும். 17 ரிம்மின் விட்டம், 3.50 அதன் உள் அகலம். இரண்டுமே இஞ்ச் கணக்கு; எம்.டி. என்பது ரிம் ஓரத்தின் வடிவத்துக்கான குறி. எழுத்து அழிந்திருந்தால், டயரைக் கழற்றும்போது பீட் (ரிம்மில் பொருந்தும் டயரின் கெட்டியான ஓரம்) உட்காரும் இரண்டு விளிம்புகளுக்கு இடையே உள்பக்கமாக அளக்க வேண்டும். வெளிப்பக்கம் அளந்தால் அகலம் கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

130/70-க்கு ஏற்ற ரிம் 3.50, 3.00 முதல் 4.00 வரை தாங்கும். 140/70-க்கு 4.00 சரியான அளவு, 3.50 அதன் கடைசி எல்லை. 150/60-க்கு 4.25 வேண்டும், 4.00-க்குக் கீழே போகக் கூடாது. ஆக, உங்கள் ரிம் 3.50 என்றால் 140 வரை போகலாம். 150 வேண்டாம்.

மீறிப் போட்டால் என்ன ஆகும்? டயரின் இரண்டு பீட்டும் நெருங்கி உட்காருவதால் பக்கச் சுவர்கள் உள்ளே இழுபடும். நடுப்பகுதி கூம்பிக்கொண்டு மேலே எழும். நேராக ஓடும்போது அந்தக் கூம்பு மட்டுமே தரையில் படும், நடுப் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) சீக்கிரம் தேயும். வளைவில் சாய்க்கும்போது டயரின் ஓரம் தரையைத் தொடுவதே அரிதாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ரிம் அரை இஞ்ச் குறைந்தால் டயரின் அகலமும் ஏறக்குறைய 5 மி.மீ. குறையும். 4.25 இஞ்ச் ரிம்முக்காகச் செய்த 150 டயரை 3.50-ல் மாட்டினால் அளவுகோலில் 142, 143 மி.மீ.தான் காட்டும். சரியான ரிம்மில் உட்கார்ந்த 140 டயரோடு ஒப்பிட்டால் பார்வைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 150-க்குக் கொடுத்த காசும் எடையும்தான் மிச்சம்.

கேள்வி: அகலமான டயர் என்றால் பிடிப்பு அதிகம்தானே? பெரிய பைக்குகளில் எல்லாம் 180, 190 போடுகிறார்களே?

பதில்: தரையில் படும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சக்கரத்தின் மேல் விழும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். பின் சக்கரத்தில் 150 கிலோ இறங்குகிறது, காற்று 33 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் படும் பரப்பு ஏறத்தாழ 65 சதுர செ.மீ. டயர் 130 ஆனாலும் 150 ஆனாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மாறுவது அந்தப் பரப்பின் வடிவம். அகல டயரில் அது குறுக்கே நீண்டு, முன்பின்னாகச் சுருங்கும்.

180/55, 190/55 போடும் பைக்குகளில் ரிம் 5.50, 6.00 இஞ்ச். எஞ்சினின் பெரும் சக்தி உண்டாக்கும் சூட்டைத் தாங்க அங்கே ரப்பர் அதிகம் தேவை. சஸ்பென்ஷன், சேஸிஸ் எல்லாம் அந்த அகலத்துக்காகவே வடிவமைத்தவை. 20, 25 குதிரைசக்தி பைக்குக்கு அந்தத் தேவை இல்லை. அதற்கு அகல டயர் கொடுப்பது கூடுதல் எடையும் உருளும் தடையும். மைலேஜும் ஆக்சிலரேஷனும் குறையும். வளைவிலும் ஒரு விலை உண்டு: சாயும்போது அகல டயரில் தரை தொடும் இடம் நடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகுவதால், அதே வேகத்தில் அதே வளைவை எடுக்க பைக்கை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருக்கும். ஹேண்டிலும் மந்தமாகத் தெரியும்.

பிடிப்புதான் வேண்டுமென்றால் அதே அளவில் நல்ல காம்பவுண்டு (ரப்பர் கலவை) டயர் வாங்குங்கள். வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும்.

கேள்வி: 130/70-17-க்குப் பதில் 140/60-17 கிடைக்கிறது. 140/70-17-உம் இருக்கிறது. இரண்டும் 140தானே, எதை எடுக்க?

பதில்: நடு எண்ணை விட்டுவிட்டீர்கள். அது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்கிறது. கணக்கு எளிது: சுவர் உயரத்தை இரண்டால் பெருக்கி ரிம் விட்டத்தோடு கூட்டினால் டயரின் மொத்த விட்டம். 17 இஞ்ச் என்பது 431.8 மி.மீ.

130/70 என்றால் சுவர் 91 மி.மீ., மொத்த விட்டம் 613.8. 140/70 என்றால் சுவர் 98, மொத்தம் 627.8. 140/60 என்றால் சுவர் 84, மொத்தம் 599.8. ஒன்று 14 மி.மீ. கூடுகிறது, மற்றது 14 மி.மீ. குறைகிறது. இரண்டுமே 2.3 சதவீத மாற்றம்.

140/70-ல் பைக்கின் பின்பக்கம் 7 மி.மீ. உயரும். கியர் சற்று நீளும், அதாவது எஞ்சினின் அதே சுற்றுக்கு வண்டி கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். பின் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல் சக்கரம்) 44 பல்லிலிருந்து 43-க்கு மாற்றியதற்குச் சமம். ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறைவதை உணரலாம். வேகத்தைப் பின் சக்கரத்திலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ எடுக்கும் பைக்கில் ஸ்பீடோமீட்டர் முன்பைவிட 2.3 சதவீதம் குறைவாகக் காட்டும். முன் சக்கரத்திலிருந்து எடுத்தால் மாற்றமே இல்லை. சைடு ஸ்டாண்டில் பைக் முன்பைவிடச் சற்று அதிகமாகச் சாயும்.

140/60-ல் எல்லாம் தலைகீழ். இதில் கவனிக்க வேண்டியது ஸ்டாண்டு: பைக் நிமிர்ந்து நிற்பதால், சீரில்லாத தரையில் லேசாகத் தட்டினாலும் மறுபக்கம் விழும். சுவர் குட்டையாவதால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் அடிபடும் வாய்ப்பும் அதிகம்.

ஏ.பி.எஸ்., ட்ராக்ஷன் கண்ட்ரோல் உள்ள பைக்காக இருந்தால் இன்னும் கண்டிப்பு தேவை. முன் சக்கரமும் பின் சக்கரமும் எந்த விகிதத்தில் சுற்றும் என்ற கணக்கை வைத்துத்தான் அந்தக் கருவி வழுக்கலைக் கண்டுபிடிக்கிறது. அங்கே கம்பெனி அளவை விட்டு நகராமல் இருப்பதே நல்லது. மற்ற பைக்குகளில், ரிம்மும் இடைவெளியும் ஒத்துவந்தால் இந்த இரண்டில் 140/70-ஐத் தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: 140 மாட்டினேன். கடையில் சுற்றிப் பார்த்தபோது உரசவில்லை. வண்டியில் ஆள் ஏறினால் மட்டும் ‘சர்’ என்று சத்தம் வருகிறது.

பதில்: ஸ்டாண்டில் காலியாகச் சுற்றிப் பார்ப்பது பாதிச் சோதனைதான். ஆள் ஏறும்போது ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) மேலே வரும், டயர் மட்கார்டின் உட்பக்கத்தை நெருங்கும். வேகத்தில் டயர் கொஞ்சம் விரியவும் செய்யும்.

5 மி.மீ. ஆலன் கீ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும், டயருக்கும் செயினுக்கும், டயருக்கும் செயின் கவருக்கும் இடையே அதை வைத்துச் சக்கரத்தை முழுதாக ஒரு சுற்று சுற்றுங்கள். எங்கேயும் மாட்டக் கூடாது. பிறகு இரண்டு பேரை உட்காரவைத்து மட்கார்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே இன்னும் தாராளமான இடைவெளி வேண்டும், ஏனென்றால் சேறும் சிறு கல்லும் ஒட்டிக்கொண்டு வரும்.

பலர் தவறவிடும் இடம் ஸ்விங் ஆர்மின் முன்பக்கக் குறுக்குப் பட்டை. செயின் புதிதாக இருக்கும்போது சக்கரம் முன்னால் தள்ளி இருக்கும். பழைய, நீண்டுபோன செயினோடு சோதித்தால் இடைவெளி போதுமானதாகத் தெரியும். அடுத்த செயின் மாற்றியதும் டயர் போய் முட்டும். செயின் தொய்வைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை முன்கோடியில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே 140 என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி உண்மையான அகலம் சில மி.மீ. மாறும் என்பதால், நண்பர் வண்டியில் சரியாக இருந்தது உங்கள் வண்டியிலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

உரசல் செயின் பக்கம் என்றால் தாமதிக்க வேண்டாம், பழைய அளவுக்கே திரும்புங்கள். செயின் டயரின் சுவரை அறுத்துவிடும். இடம் உண்டாக்க வாஷர் வைத்துச் சக்கரத்தை ஒதுக்கினால் முன், பின் சக்கரங்கள் ஒரே கோட்டில் ஓடாது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்ப்ராக்கெட் பல்லும் ஒருபக்கமாகத் தேயும்.

கேள்வி: பழைய பைக், பின்னால் 3.00-18. அந்த அளவில் நல்ல டயர் கிடைக்கவில்லை. மாற்று என்ன?

பதில்: 3.00 என்பது இஞ்ச் கணக்கில் அகலம். மாற்று 90/90-18 அல்லது 80/100-18. விட்டம் முறையே 619, 617 மி.மீ.; 3.00-18-ஓடு நெருங்கி வரும். ரிம் 1.85 என்றால் இரண்டில் எதையும் போடலாம். 1.60 என்றால் 80/100 மட்டும். 100/90-18-க்குக் குறைந்தது 2.15 ரிம் வேண்டும், அதனால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஸ்போக்ஸ் வீலில் ட்யூப்லெஸ் டயர் போடலாமா?

பதில்: ட்யூப் வைத்துப் போடலாம், டயர் கம்பெனி அதை அனுமதித்தால். சாதாரண ஸ்போக்ஸ் ரிம்மில் கம்பி நுழையும் ஓட்டைகள் வழியாகக் காற்று போகும். பீட்டைப் பிடித்துவைக்கும் மேடும் அதில் இருக்காது. கம்பிகள் ரிம்மின் ஓரத்தில் கோத்த, ட்யூப்லெஸ்ஸுக்கென்றே செய்த ரிம்கள் விதிவிலக்கு. ட்யூப் இருக்கும் வரை பஞ்சரானால் காற்று சட்டென்று இறங்கும். மேலே ட்யூப்லெஸ் என்று எழுதியிருப்பது அதை மாற்றாது.

கேள்வி: ஒரே அளவில் இரண்டு டயர். ஒன்றில் 66எச், இன்னொன்றில் 62எஸ். விலை குறைந்ததை எடுக்கலாமா?

பதில்: எண், டயர் தாங்கும் எடை: 66 என்றால் 300 கிலோ, 62 என்றால் 265. எழுத்து, உச்ச வேகம்: எச் மணிக்கு 210 கி.மீ., எஸ் 180, பி 150. கம்பெனி டயரில் இருந்ததைவிட எதிலும் கீழே இறங்காதீர்கள். மேலே போவதில் தவறில்லை. வேகம் போகாதவர்களும் எடை எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் சாமானும் ஏறினால் பாரத்தின் பெரும்பகுதி பின் டயரில்தான் இறங்குகிறது.

கேள்வி: பின்னால் மட்டும் ரேடியல் போடலாமா?

பதில்: முன்னால் என்ன வகையோ பின்னாலும் அதே வகை இருப்பது பாதுகாப்பு. அளவில் ‘17’-க்கு முன் ‘ஆர்’ இருந்தால் ரேடியல் (உள்ளிருக்கும் இழைகள் நேர் குறுக்காக ஓடும்), சிறுகோடு இருந்தால் பயாஸ் (இழைகள் சாய்வாகக் குறுக்கிடும்). இரண்டின் சுவரும் வளையும் விதம் வேறு, வளைவில் முன்னும் பின்னும் வேறுவிதமாக நடந்துகொள்ளும். பைக் கம்பெனியே கலந்து கொடுத்திருந்தால் மட்டும் அப்படியே தொடரலாம்.

கேள்வி: புது டயர் மாட்டும்போது கடையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: சுவரில் நான்கு இலக்கத் தேதி எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி, வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் பக்கம் பார்க்க வேண்டும். காற்றடித்த பின் டயர் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். எங்கும் ஒரே இடைவெளி தெரிய வேண்டும். ஒரு இடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால் பீட் அங்கே ஏறவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். சுவரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டி அடித்து ஏற்ற விடாதீர்கள்.

சுவரில் சிறு வண்ணப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அது டயரின் எடை குறைந்த இடம். அது வால்வுக்கு நேராக வந்தால் பேலன்ஸ் எடை குறைவாகப் போதும். டயர் மாற்றிய கையோடு செயின் தொய்வையும் சக்கர நேர்கோட்டையும் சரிபாருங்கள். முதல் 150 கி.மீ. மென்மையாக ஓட்டுங்கள், மேற்பரப்பின் வழவழப்பு போகும் வரை சட்டென்று பிரேக் போடுவதும் ஆழமாகச் சாய்ப்பதும் வேண்டாம். மறுநாள் காலை, வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.