தம்பிக்கு 20 வயது. முகமும் காலும் வீங்குகின்றன, ஆனால் கிரியாட்டினின் 0.8 தான். கிட்னி நோயாக இருக்குமா?

இருக்கலாம். ரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டும் அந்தக் கிரியாட்டினினை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நாளைக் காலை தம்பியின் முதல் சிறுநீரைப் பிடித்து லேபில் கொடுங்கள். அந்த ஒரு டெஸ்டைச் செய்யாமல் என் மகள் விஷயத்தில் ஆறு வாரம் வீணாய்ப் போனது.

அப்போது அவளுக்கு 19. காலையில் இமை இரண்டும் உப்பியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் இப்படித்தான் என்று திட்டினேன். கிளினிக்கில் அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் சாயங்காலம் கொலுசு கழலவில்லை. சோப்பு போட்டு உருவியபோது கணுக்காலைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகக் குழி. முன்னங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விழுந்த பள்ளம் எழவே இல்லை. ரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் 0.7. "கிட்னி நல்லா இருக்கும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு வேறொரு டாக்டர் யூரின் கேட்டார். லேபில் இருந்த பெண் டெஸ்ட் டியூபின் மேல்பாதியை மட்டும் தீயில் காட்டி, இரண்டு சொட்டு அமிலம் விட்டார். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திரண்டு நின்றது. "எல்லாம் புரதம்" என்றார். ரிப்போர்ட்டில் அல்புமின் என்கிற அந்தப் புரதம் 4+.

கழிவை வெளியேற்றுவதோடு, புரதத்தை ரத்தத்திலேயே நிறுத்திவைப்பதும் கிட்னியின் வேலைதான். கிரியாட்டினின் முதல் வேலையைப் பற்றித்தான் சொல்லும். அது நார்மலாக இருக்கும்போதே வடிகட்டி வழியாகப் புரதம் ஒழுகிக்கொண்டிருக்கலாம். ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்குள் போக வேண்டியது, என் மகளுக்கு 6 கிராம் போனது. ரத்தத்தில் அல்புமின் 2.1 ஆகக் குறைந்து, கொலஸ்ட்ரால் 380 ஆக ஏறியிருந்தது. இதைத்தான் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

தம்பியின் சிறுநீர் நுரைத்து, நுரை அடங்காமல் நிற்கிறதா என்று கேளுங்கள். டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, பிரஷர் கூடியிருந்தாலோ, சில வாரம் முன்பு தொண்டைவலியோ தோல் புண்ணோ வந்திருந்தாலோ அது கிட்னி அழற்சியாக இருக்கலாம். மூட்டுவலி, முகத்தில் தடிப்பு இருந்தால், எதிர்ப்புசக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய்க்கும் பார்ப்பார்கள். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புரதம் இப்படிப் போகிறவர்களுக்கு ரத்தம் எளிதில் கட்டிக்கொள்ளும்.

சின்னக் குழந்தைகள் என்றால் பெரும்பாலும் பயாப்சி (கிட்னியிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பது) இல்லாமலே ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள். தம்பி வயதில் பயாப்சி கேட்பார்கள், பயப்படாதீர்கள். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள். சேமியாத் துண்டு அளவுதான் இருந்தது. அன்று முழுக்க அவளை மல்லாந்தே படுக்கவைத்து, சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று பார்த்தார்கள்.

மெம்பரேனஸ் நெஃப்ரோபதி, அதாவது கிட்னி வடிகட்டியின் சவ்வு கெடும் நோய், அதிலும் நெல்-1 (NELL-1) வகை என்று ரிசல்ட் வந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நாட்டு மருந்து சாப்பிட்டியா? சிவப்பழகு கிரீம் ஏதாவது போடுறியாம்மா?" அவள் என் முகத்தைப் பார்த்தாள். கல்யாண வீட்டில் யாரோ நிறத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக, ஆன்லைனில் வாங்கி நாலு மாதமாகப் பூசியிருக்கிறாள். டப்பாவில் தயாரிப்பாளர் பெயரே இல்லை. அந்த மாதிரி கிரீமில் கலக்கிற பாதரசம் அவள் ரத்தத்தில் அதிகமாக இருந்தது. கேரளாவில் மலப்புரத்தில் 2023இல் இதே மாதிரி கிரீமால் பலருக்குக் கிட்னி பாதித்தது செய்தியில் வந்ததே, அதே கதைதான். கிரீமை நிறுத்தி, புரதக் கசிவைக் குறைக்கும் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். ஏழாவது மாதம் யூரினில் அல்புமின் 'நில்' (இல்லை) என்று வந்தது.

தம்பியிடம் கோபப்படாமல் கேளுங்கள். முகத்துக்குப் பூசுவது, ஜிம் பவுடர், லேகியம், வலி மாத்திரை என்று எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.