ஆர்க்கிடுக்கு மண் எதற்கு, ஆச்சி?

கேள்வி: மகள் பெங்களூரு போய்விட்டு வரும்போது இரண்டு டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வாங்கி வந்தாள். சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் வெறும் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும்தான் இருந்தன. பாவம், சாப்பாடே இல்லாமல் நிற்கிறதே என்று பெரிய மண்தொட்டிக்கு மாற்றி, செம்மண், மணல், மாட்டெரு எல்லாம் கலந்து வைத்தேன். இரண்டு மாதத்தில் ஒன்று போய்விட்டது, இன்னொன்றில் இலை மஞ்சளாகி உதிர்கிறது. ரோஜாவும் மல்லிகையும் என் கைக்கு நன்றாக வரும். இது மட்டும் ஏன் இப்படி? (68 வயது வாசகி, காரைக்குடி)

பதில்: ஆச்சி, ரோஜாவுக்குச் செய்ததை இதற்கும் செய்ததுதான் வினை. உங்கள் கையில் குறை இல்லை. டென்ட்ரோபியம் காட்டில் மண்ணையே தொடாது. மரக்கிளையில் வேரைப் பற்றிக்கொண்டு, மழை பெய்தால் குடித்து, அடுத்த மழை வரை காற்றில் காய்ந்து கிடக்கிற செடி அது. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதும் இல்லை, உட்கார இடம் கேட்கிறது, அவ்வளவுதான். அதன் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல ஓர் உறை இருக்கும், வெலாமன் என்பார்கள். தண்ணீர் பட்டதும் அது உறிஞ்சிக்கொள்ளும், பிறகு காய வேண்டும். செம்மண்ணும் எருவும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காற்றை அடைத்துவிட்டால் அந்த வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். வேர் போனபின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மேலே ஏறாது, இலை வாடும். உடனே நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். முக்கால்வாசி ஆர்க்கிட்டுகள் இப்படித்தான் சாகின்றன.

இன்றைக்கே செடியை வெளியே எடுத்து, வேரில் ஒட்டிய மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் அலசுங்கள். தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கும் வேரை விட்டுவிட்டு, கொழகொழவென்று கறுத்ததையும் உள்ளே வெறும் நூலாகப் போனதையும் வெட்டுங்கள். கத்தரிக்கோலை முதலில் அடுப்புத் தீயில் காட்டிக்கொள்வது நல்லது. வெட்டின இடத்தில் மட்டும் கொஞ்சம் பட்டைத்தூள், அதாவது நாம் குழம்புக்குப் போடுகிற பட்டைதான், தொட்டு வைத்து ஒரு நாள் நிழலில் கிடத்துங்கள். நல்ல வேரில் தூள் படவேண்டாம், வறண்டுவிடும்.

இனி கலவை. கடையில் 'ஆர்க்கிட் மிக்ஸ்' என்று பையில் விற்பதை வாங்க வேண்டியதில்லை. நம் பக்கம் சீமைக்கருவேலங்கரி கிடைக்காத ஊர் உண்டா? இஸ்திரிக் கடைக்குப் போகிற அதே கரிதான், எரியாத புதுக்கரியாக வாங்குங்கள். கொட்டைப்பாக்கு அளவில் உடைத்து, தூள் போகக் கழுவி, ஒரு ராத்திரி ஊறவைத்து எடுங்கள். கரி லேசில் மக்காது. அதனால் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் சந்து வருடக்கணக்கில் சந்தாகவே இருக்கும், வேருக்கு வேண்டியது அதுதான். இரண்டு பங்கு கரிக்கு ஒரு பங்கு செங்கல் ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ சேருங்கள். செங்கல் நன்றாகச் சுட்டதாக இருக்கட்டும், தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். வேகாத செங்கல் ஆறு மாதத்தில் கரைந்து சேறாகிவிடும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டுச் சுவர் ஒன்று இடிந்தபோது, பழைய செங்கல் அருமையாக இருக்கிறதே என்று உடைத்து நாலு தொட்டிக்குப் போட்டேன். செட்டிநாட்டுப் பழைய சுவரில் ஒட்டியிருப்பது சுண்ணாம்புக் காரை என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. ஆர்க்கிட் வேர் லேசான புளிப்புத் தன்மையைத்தான் விரும்பும், சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர். புது வேர் நுனியெல்லாம் கருகி, செடி ஒரு வருடம் அப்படியே நின்றது. ஆகவே பழைய செங்கல் என்றால் காரையைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள், முடியாவிட்டால் கூரையிலிருந்து விழுந்து உடைந்த நாட்டு ஓடு போதும்.

தேங்காய் மட்டை ஒரு பங்கு சேர்க்கலாம், ஆனால் செடி எங்கே நிற்கப் போகிறது என்பதைப் பொறுத்து. பட்டாலையிலோ சன்னலோரமோ மழை படாத இடம் என்றால் சேருங்கள், சித்திரை வெயிலில் ஈரம் கொஞ்சம் தங்கும். முற்றத்துக் கம்பியில் தொங்கவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க நனையும் என்றால் மட்டையே வேண்டாம், கரியும் ஓடும் போதும். மட்டையில் உப்பும் கறையும் உண்டு, ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே போட வேண்டும். அதுவும் இரண்டு மூன்று வருடத்தில் மக்கி நசநசவென்று ஆகும், அப்போது மாற்றிவிடுங்கள்.

தொட்டி சின்னதாகவே இருக்கட்டும், வேர் நெருக்கமாகப் பிடிக்கிற அளவு. பெரிய தொட்டி என்றால் நடுவில் ஈரம் காயாது. பக்கவாட்டிலும் ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது. வேர் வெள்ளையாக இருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கரிமேல் வெள்ளையாகப் பூத்துவிடும், பார்த்திருப்பீர்கள். நம் வீடுகளில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில்தானே இறங்குகிறது, ஓர் அண்டாவை வைத்துப் பிடித்து மூடி வையுங்கள், இந்தச் செடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. போர் தண்ணீரே கதி என்றால் வாரம் ஒருமுறை அடியில் வழிய வழிய ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். சாப்பாடு பற்றிய உங்கள் கவலைக்கும் பதில் உண்டு: புது வேர் வந்தபின், தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். எரு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பீங்கான் ஊறுகாய் ஜாடி ஒன்று வாங்கினேன். அதில் ஆர்க்கிட் வைத்தால் முகப்பில் அழகாக இருக்குமே? (தேவகோட்டை)

பதில்: அழகாகத்தான் இருக்கும், செடிதான் இருக்காது. ஊறுகாய் கெடாமல் இருக்க வேண்டுமென்று காற்றும் நீரும் நுழையாதபடி செய்த பாத்திரம் அது, அடியில் துளையும் கிடையாது. ஆசையை விட வேண்டாம். செடியை ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் கரிக்கலவையில் வைத்து, பூத்திருக்கிற நாளில் மட்டும் ஜாடிக்குள் இறக்குங்கள். தண்ணீர் ஊற்ற வெளியே எடுத்து, நன்றாக வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். துளை போடுகிறேன் என்று டிரில்லிங் மிஷினை எடுத்தால் அந்தப் பழைய ஜாடி விரிசல் விடும், எனக்கு மனசு தாங்காது.

கேள்வி: சிங்கப்பூரில் சம்பந்தி வீட்டில் வாண்டா ஆர்க்கிட் எந்தக் கலவையும் இல்லாமல் வெறும் கூடையில் தொங்கிக்கொண்டு பூக்கிறது. இங்கேயும் அப்படி வைக்கலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: அங்கே வருடம் முழுக்க மழை, காற்றிலேயே ஈரம். 1981-இல் தேசிய மலராக ஓர் ஆர்க்கிட்டைத் தேர்ந்தெடுத்த ஊர். நம் ஊரில் பங்குனி தொடங்கி ஆனி வரை காற்று வடகத்தைக் காயவைக்கிற காற்று. வெறும் வேராகத் தொங்கவிட்டால் காலையும் மாலையும் வேர் பச்சையாகும் வரை நனைக்க வேண்டும், ஊருக்குப் போனால் யாரையாவது அமர்த்த வேண்டும். அது முடியாது என்றால் மரக்கூடையில் எலுமிச்சம்பழ அளவுக் கரியைத் தளர்வாகப் போடுங்கள், நடுநடுவே ஊறவைத்த மட்டைத் துண்டு நாலைந்து. கோடையில் கூடைக்குக் கீழே தரையில் ஈரச்சாக்கு விரித்தால் இன்னும் தாங்கும். பதினொரு மணிக்கு மேல் நேர்வெயில் படாமல் நிழல்வலை கட்டுங்கள்.

கேள்வி: கட்டியாக விற்கிற கோகோ பீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, மட்டும் போட்டு நடலாமா? (புதுவயல்)

பதில்: வேண்டாம். அது பஞ்சு மாதிரி, நாற்றங்காலுக்கு நல்லது, ஆர்க்கிட் வேருக்குச் செம்மண்ணைவிடக் கொஞ்சம்தான் மேல். நர்சரியிலிருந்து செடி பாசி சுற்றி வந்தால் அதையும் மழைக்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் விட்ட பலனோப்சிஸ் ஆர்க்கிட் ஒன்று கார்த்திகை தாண்டவில்லை.

கேள்வி: வீடு கட்டியதில் மிச்சமான ஆத்தங்குடித் தரைக்கல் உடைசல் மூட்டையாகக் கிடக்கிறது. தொட்டியில் போடலாமா? (பள்ளத்தூர்)

பதில்: தொட்டிக்குள் வேண்டாம், அது சிமென்ட், சுண்ணாம்புச் சங்கதிதான் அதிலும். தொட்டிக்குக் கீழே பரப்பி அதன்மேல் செடிகளை வரிசையாக வையுங்கள், வடிகிற தண்ணீரில் கல்லின் நிறம் பளிச்சென்று தெரியும்.