படிக்கட்டு இல்லாத கோபுரங்கள்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கணினி விளையாட்டுகளில் கதை சொல்லப்படும் விதம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற விளையாட்டுத் தொடரை உருவாக்கிய பெதெஸ்டா நிறுவனத்தை இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். அந்த மனக்குறையால்தான் எழுதுகிறேன்.

நான் அந்தத் தொடரின் ஐந்தாம் பாகமான ஸ்கைரிமில் தொடங்கியவன். அங்கிருந்து பின்னோக்கிப் போய் ஒப்லிவியன், பிறகு மொரோவிண்ட் விளையாடினேன். அவர்களது விண்வெளி விளையாட்டான ஸ்டார்ஃபீல்டுக்காகவே ரியூஷன் கொடுத்துக் காசு சேர்த்து கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினேன். உள்ளே போனால் வெறும் வெளி. ஒவ்வொரு பாகத்திலும் எதையாவது வெட்டி, கன்சோல்காரர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றதாக ஆக்கிவிட்டார்கள். மொரோவிண்டில் 27 திறன்கள், ஒப்லிவியனில் 21, ஸ்கைரிமில் 18. காசுக்காகப் பழைய ரசிகர்களைக் கைவிட்டுவிட்டார்கள். இந்த விளையாட்டுகளை இயக்கும் டொட் ஹவர்ட் மேடையில் சொல்வதில் பாதி பொய். இதை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள், நண்பர்களுக்கோ கிரிக்கெட் போதும். என் கோபத்தில் நியாயம் இருக்கிறதா? எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகத்துக்காகக் காத்திருக்கலாமா?

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கோபத்தில் நியாயம் இருக்கிறது. குற்றப்பத்திரிகையைத்தான் பிழையாக எழுதியிருக்கிறீர்கள்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. 2006 இல் ஒப்லிவியனில் குதிரைக்குக் கவசம் என்று ஒன்றை இரண்டரை டொலருக்கு விற்றார்கள். ஊரே சிரித்தது, சிரித்தவர்களில் பலர் வாங்கவும் செய்தார்கள். 2018 இல் அவர்களது இன்னொரு விளையாட்டான ஃபோல்அவுட் 76 இன் 200 டொலர் சிறப்புப் பதிப்புக்குக் கான்வஸ் பை தருவதாகச் சொல்லி நைலோன் பையை அனுப்பினார்கள். கூச்சல் எழுந்த பிறகே கான்வஸ் பை வந்தது. சில்லறைத்தனம்தான், மறுக்கவில்லை. ஸ்டார்ஃபீல்டின் பட்டியல் விலை 70 டொலர். வெளிவந்த 2023 செப்டெம்பரின் நாணய மாற்றில் 22,000 ரூபாவுக்கு மேல். அதற்குமேல் 125 ஜிகாபைட் இடம். ரியூஷன் காசில் இதை வாங்கியவர் கோபப்படாமல் என்ன செய்வார்? ஆனால் அந்தக் கோபம், விளையாட்டு ஏன் வெறுமையாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

27, 21, 18 என்ற கணக்கும் உதவாது. மொரோவிண்டில் ஈட்டிக்கு ஒரு திறன், குறுவாளுக்கு ஒன்று, நீள்வாளுக்கு ஒன்று, கோடரிக்கு ஒன்று, கவசம் அணியாமல் சண்டையிடுவதற்குக்கூட ஒன்று. வேடிக்கை என்னவென்றால், கவசமே இல்லாமல் வந்தால் அந்தக் கடைசித் திறன் வேலை செய்யாது. ஒரு துண்டுக் கவசத்தையாவது மாட்டியிருக்க வேண்டும். நிரலில் இருந்த பிழை அது. எண்ணிக்கை கூடினால் ஆழம் கூடும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கன்சோல்காரர்களால் கெட்டது என்பதும் நிற்காது. மொரோவிண்டே 2002 இல், கணினிக்கு வந்த அதே ஆண்டில், எக்ஸ்பொக்ஸ் கன்சோலிலும் வந்தது.

உங்கள் வாதத்துக்கு மிகப் பெரிய இடைஞ்சல் ஸ்டார்ஃபீல்ட்தான். 2015 இல் ஃபோல்அவுட் 4 வந்தபோது நாயகனுக்குக் குரல் கொடுத்துவிட்டார்கள், பதில்களை நான்காகச் சுருக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். பெதெஸ்டா அதைக் கேட்டது. ஸ்டார்ஃபீல்டில் நாயகன் மௌனமாகிவிட்டான். பதில்கள் முழு வாக்கியங்களாகத் திரும்பி வந்தன. பின்னணியைத் தெரிவுசெய்யலாம், குணக்கூறுகளைத் தெரிவுசெய்யலாம், பேசி வளைக்கலாம். குணக்கூறுகளில் ஒன்றை எடுத்தால் உங்கள் பெற்றோர் உயிரோடு இருப்பார்கள், வாரந்தோறும் உங்கள் பணத்தில் 2 சதவீதம் அவர்களுக்குப் போய்விடும். இதை ஒரு பாதகமாக அங்கே பட்டியலிட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது பாதகமாகத் தெரியுமா என்பது வேறு கதை. சொல்ல வந்தது, கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள், ஆனாலும் நீங்கள் ஏமாந்தீர்கள். ஆகவே இழந்தது வேறொன்று.

அது என்ன என்பதற்கு மொரோவிண்டில் வழி சொல்லப்படும் விதத்தைப் பாருங்கள். பல்மோரா நகரில் ஒருவர் உங்களை ஒரு பாழடைந்த குள்ளர் கோட்டைக்குப் போய்ச் சிறு பெட்டி ஒன்றை எடுத்துவரச் சொல்கிறார். வரைபடத்தில் அம்புக்குறி கிடையாது. படையினர் கோட்டையைத் தாண்டிப் போ, பழைய பாலத்தால் பள்ளத்தாக்கைக் கட என்று வாயால் சொல்வதுதான். போய்ச் சேர்ந்தால் கதவு திறக்காது. பக்கத்துக் குழாயில் உள்ள திருகைத் திருப்ப வேண்டும் என்று உங்களுக்கே தோன்ற வேண்டும். உள்ளே அந்தப் பெட்டி ஒளிரவும் மாட்டாது, துடிக்கவும் மாட்டாது. ஒரு தட்டில் பேசாமல் இருக்கும். கோயிலடியால் திரும்பி, வாசிகசாலையைத் தாண்டி, மூன்றாவது ஒழுங்கையில் நீலப் படலை போட்ட வீடு, அதற்குமேல் தெரியாவிட்டால் அங்கே யாரையாவது கேளுங்கள் என்று வழி சொல்லும் ஊரில் வளர்ந்தவருக்கு இதில் ஒன்றும் புதிதில்லை. மொரோவிண்டில் சில இடங்களில் வழி பிழையாகவே சொல்லப்பட்டிருக்கும். அதுவும் நமக்குப் புதிதில்லை.

ஒப்லிவியனில் இது போய்விட்டது. ஏன்? முட்டாள்களுக்காக மாற்றினார்கள் என்பீர்கள். நான் குரலைக் கைகாட்டுவேன். மொரோவிண்டின் உரையாடலில் பெரும்பகுதி எழுத்து. ஒரு வழியைப் பத்து வரியில் எழுதலாம், பிடிக்காவிட்டால் மறுநாள் மாற்றி எழுதலாம். ஒப்லிவியனில் அனைத்துக்கும் குரல். பேட்ரிக் ஸ்டூவர்ட் சக்கரவர்த்தியாகப் பேசினார். மற்றவர்களுக்கு ஒரு சிறு கூட்டமே மாறி மாறிப் பேசியது. பிச்சைக்காரர் ஒருவர் கரகரத்த குரலில் காசு கேட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குக் கனவானின் குரலில் பதில் சொல்லுவார். ஒவ்வொரு வரியும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்வர வேண்டும் என்றாகிவிட்டால், மூன்றாவது பாறையில் இடப்பக்கம் திரும்பு என்று யார் பேசவைப்பார்கள்? அம்புக்குறி மலிவு. ஒருமுறை அம்புக்குறி வந்துவிட்டால் பாத்திரங்கள் வழி சொல்ல வேண்டியதும் இல்லை. ஸ்கைரிமில் அந்தக் குறியை அணைத்துவிட்டு விளையாடிப் பார்த்திருப்பீர்கள். முடியாது. உங்கள் வரைபடத்தில் குறித்துத் தருகிறேன் என்று அவர்கள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இதைவிட எனக்கு வலித்தது மிதக்கும் மந்திரம் போனது. மொரோவிண்டில் டெல்வானி வம்சத்து மந்திரவாதிகள் பெரும் காளான்களையே கோபுரமாக வளர்த்து அவற்றின் உச்சியில் இருக்கிறார்கள். உள்ளே போனால் ஒரு நீண்ட வெறும் குழாய், அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு தளம். படிக்கட்டு இல்லை. பறக்கத் தெரியாதவனோடு எனக்கு என்ன பேச்சு என்பது அந்த வம்சத்தின் மனோபாவம். அதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை, கட்டடமே சொல்கிறது. கடைக்குப் போய் மருந்துக் குப்பி வாங்கி வா, அல்லது மந்திரம் படித்து வா. எரிச்சலோடு திரும்பிப் போகிறோம். ஒருநாள் நாமாகவே மேலே எழும்போது வரும் திமிர் இருக்கிறதே, அதை வேறெந்த விளையாட்டும் எனக்குத் தந்ததில்லை.

ஒப்லிவியனில் நகரங்களை மதில் போட்டுத் தனித்தனி அறைகளாகப் பிரித்தார்கள். வாசலால் போனால்தான் நகரம் கணினியில் ஏறும். மதிலுக்கு மேலால் பறந்து போனால் உள்ளே ஆளில்லாத கூடுகளைத்தான் பார்க்க முடியும். ஆகவே மிதக்கும் மந்திரத்தையே எடுத்துவிட்டார்கள். தொழில்நுட்பக் காரணம், ஒத்துக்கொள்ளக்கூடிய காரணமும்கூட. ஆனால் 2012 இல் ஸ்கைரிமுக்கு வந்த டிராகன்போர்ன் என்ற கூடுதல் பாகத்தில் அதே வம்சத்தின் மந்திரவாதி ஒருவர், மொரோவிண்டில் நாம் சந்தித்த அதே நெலோத், மறுபடியும் காளான் கோபுரத்தில் இருக்கிறார். இப்போதும் படிக்கட்டு இல்லை. நடுவில் ஓர் ஒளித்தூண். அதில் காலை வைத்தால் அது உங்களைத் தூக்கிக்கொண்டுபோய் மேலே விட்டுவிடும். யார் வந்தாலும் தூக்கும். மந்திரம் தெரியாதவனையும், பிறந்ததிலிருந்து கோடரியைத் தவிர வேறொன்றையும் தொடாதவனையும் தூக்கும். அந்தக் கர்வம் பிடித்த கிழவர் லிப்ட் வைத்துவிட்டார்!

எனக்குத் தெரிந்து இந்த நிறுவனத்தின் இருபது வருட மாற்றம் முழுவதும் அந்த ஒளித்தூணில் இருக்கிறது. விளையாடுபவர் எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்ற பயம். மொரோவிண்டில் கதைக்கு வேண்டிய ஒருவரைக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேமிப்புக்குத் திரும்பு, அல்லது நீயே கெடுத்த உலகத்தில் இரு என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். (அப்படிக் கெடுத்த பிறகும் முடிவுக்குப் போக ஒரு மறைவழியை வைத்திருந்தார்கள் என்பது இன்னும் அழகு.) ஒப்லிவியனில் அப்படிப்பட்டவர்கள் மயங்கி விழுந்து சற்று நேரத்தில் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். மொரோவிண்டில் மூன்று பெரு வம்சங்களில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டும் கதவைச் சாத்திவிடும். ஸ்கைரிமில் நாலைந்து மந்திரங்களோடு மாயக் கல்லூரியின் தலைவராகலாம், அதே ஆள் திருடர் சங்கத்துக்கும் தலைவராகலாம். எல்லாக் கதவும் திறந்திருந்தால் எதற்குள் நுழைந்தோம் என்பதற்கு மதிப்பில்லை. ஸ்கைரிமில் இதை மறைக்க ஒன்று இருந்தது, அதுதான் நடை. ஒரு குகைக்குப் புறப்பட்டால் வழியில் ஒரு புகை, அதன் பின்னால் ஒரு குடிசை, குடிசைக்குள் ஒரு கடிதம் என்று புறப்பட்ட காரியமே மறந்துபோகும்.

ஸ்டார்ஃபீல்ட் அந்த நடையையும் வெட்டிவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிரகங்கள் என்றார்கள், இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலைத் திறந்து, தெரிவுசெய்து, திரை கறுத்து வெளுக்கப் போகிறோம். இறங்கினால் கைவிடப்பட்ட ஆய்வுகூடம் ஒன்று. வேறொரு சூரியனின் கிரகத்திலும் அதே ஆய்வுகூடம், அதே அறையில் அதே பிணம், அதே மேசையில் அதே குறிப்பு. நீங்கள் எழுதிய வெறும் வெளி இதுதான்.

இதைத் துரோகம் என்கிறீர்கள். வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். 1996 இல் வந்த டாகர்ஃபோல், பெரிய பிரித்தானியாவின் பரப்போடு ஒப்பிட்டு விளம்பரம் செய்யப்பட்ட விளையாட்டு. ஆயிரக்கணக்கான ஊர்களையும் நிலவறைகளையும் கணினியே உருவாக்கியது. ஓர் ஊரைப் பார்த்தால் பல ஊர்களைப் பார்த்த மாதிரி. ஆளை மலைக்க வைக்கும் பரப்பு அவர்களது பழைய ஆசை. அதன்பின் வந்தவை சரியாக விற்கவில்லை, 1998 இல் வந்த ரெட்கார்டும் தோற்றது, நிறுவனம் நெருக்கடியில் விழுந்தது. அந்த நேரத்தில்தான் பரப்பைச் சுருக்கி, ஒரேயொரு தீவை எடுத்து, அதன் குகைகளையும் வீடுகளையும் கையாலேயே வடித்தார்கள். அதுதான் மொரோவிண்ட். நீங்கள் வீடு என்று நினைத்தது அவர்கள் நெருக்கடியில் ஒதுங்கிய ஒரு திண்ணை. நிமிர்ந்ததும் தங்கள் பழைய வழியே போய்விட்டார்கள். வருத்தப்படலாம். வாக்குத் தவறினார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டொட் ஹவர்டைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. விற்க வந்தவர் விற்கிறார். மொரோவிண்டிலும் திட்டத் தலைவர் அவர்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆறாம் பாகத்துக்குக் காத்திருக்கலாமா? 2018 ஜூனில் மலைகளும் ஒரு பெயரும் தெரியும் சிறு காணொளியைக் காட்டினார்கள். அதை நம்பி இன்னொரு கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு சேர்க்காதீர்கள். ரியூஷன் காசை உங்கள் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைவசம் மொரோவிண்ட் இருப்பதால் ஓபன் எம்டபிள்யூ என்ற இலவச என்ஜினைப் போட்டுக்கொள்ளலாம். ஆர்வலர்கள் புதிதாக எழுதியது, பழைய கணினியிலும் ஓடும். அதன்மேல் டாம்ரியெல் ரீபில்ட் என்ற மோட், அதாவது ரசிகர்கள் விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் பகுதி. இருபது வருடங்களுக்கு மேலாகச் சம்பளம் இல்லாத ஆட்கள், தீவுக்கு அப்பால் உள்ள பெருநிலத்தைத் துண்டு துண்டாகக் கட்டி வெளியிட்டு வருகிறார்கள். அம்புக்குறி இல்லை. வழியை வாயால்தான் சொல்வார்கள். புதிதாக வருபவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பணிகளை எழுதவும் குகைகளை அமைக்கவும் ஆட்கள் வேண்டும். உங்கள் கடிதத்தின் மிச்சத்தில் (நீளம் கருதி இங்கே வெட்டிவிட்டேன்) நீங்கள் ஒப்லிவியனின் ஒரு பணியைப் பிரித்து, எப்படி எழுதியிருக்கலாம் என்று காட்டிய பகுதி நன்றாக இருந்தது. அதை எனக்கு அனுப்பி என்ன பயன், அவர்களுக்கு அனுப்புங்கள்.

விளையாடிவிட்டு எழுதுங்கள். டெல்வானியை விட்டுவிட்டு ரெடோரான் வம்சத்தில் சேர்ந்தால் மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா