செவ்வகத்துக்குள் அதிகபட்சம் எத்தனை வட்டங்களை அடுக்கலாம்?

எல்லா அளவுக்கும் பொருந்தும் சூத்திரம் கிடையாது. 10 செ.மீ. சதுரத் தகட்டில் 1 செ.மீ. விட்டமுள்ள வில்லைகளை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். நேர்வரிசையில் அடுக்கினால் 100. தேன்கூடு போல, ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையின் பள்ளங்களில் உட்கார வைத்தால் வரிசைக்கு வரிசை 0.866 செ.மீ. போதும், 11 வரிசை பிடிக்கும். 10, 9 என மாறி மாறி வந்து மொத்தம் 105.

அப்புறமும் 0.34 செ.மீ. மிச்சம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது: முதல் இரண்டு வரிசைகளையும் கடைசி இரண்டையும் மட்டும் நேருக்கு நேர் வையுங்கள். 10 வில்லை உள்ள வரிசைகள் 7, 9 உள்ளவை 4. மொத்தம் 106! உயரமும் 9.93-க்குள் அடங்கிவிடும்.

சின்னப் பெட்டியில் கதை வேறு. 3 செ.மீ. சதுரத்தில் தேன்கூட்டு முறைக்கு 8தான், நேர்வரிசைக்கு 9. ஓரங்களில் வீணாகும் இடம் அங்கே பெரிது.