அம்மாவின் நினைவாக யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலைக்கு வகுப்பறை கட்டிக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். எங்கள் ஊரில் தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு விரதமிருந்து தானம் கொடுப்பது பழைய வழக்கம். அந்தத் தானம் பள்ளிக்கூடத்துக்குப் போனால் இன்னும் நல்லது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப் பாடசாலையும் ஊர்மக்கள் கொடுத்ததில் வளர்ந்ததுதான்.

முதலில் அதிபரைப் பாருங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் பதவிவழித் தலைவர் அவரே. அரச பாடசாலை வளவுக்குள் நாமாக ஆள் பிடித்து அத்திவாரம் வெட்ட முடியாது. வலயக் கல்விப் பணிமனை ஊடாக அனுமதி வேண்டும். காசை ஒருவர் கையில் கொடுக்காமல் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

கட்டடம்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். பிள்ளைகள் குறைந்துபோன கிராமப் பாடசாலைகளில் வகுப்பறை சும்மா கிடக்கும். பெண்பிள்ளைகளுக்கு ஒழுங்கான மலசலகூடம் இராது. என்னைக் கேட்டால், தண்ணீர் வசதியோடு அதைக் கட்டிக் கொடுப்பதே பெரிய புண்ணியம். அம்மா பெயரை அதில் பொறிக்கக் கூச்சமாக இருந்தால் வாசிகசாலைக்குப் புத்தக அலுமாரி ஒன்றும் வாங்கிக் கொடுத்து, பெயரை அதில் போடுங்கள்.

அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கும் செலவைக் கொஞ்சம் குறைத்தாலே அலுமாரிக்குக் காசு வந்துவிடும். அப்புறம், பராமரிப்புக்கென்று ஒரு தொகையைச் சங்கத்தின் பெயரில் நிலையான வைப்பில் போட்டுவிடுங்கள். குழாய் உடைந்தால் திருத்த யாரும் உங்களைத் தேட வேண்டியிராது.