அப்பளக் கட்டும் ஆயிரம் சப்ஸ்கிரைபரும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். போன வாரம் நீங்களும் பையனும் அவன் மேற்படிப்பு விஷயமாகப் பாளையங்கோட்டைக்கு வந்து என்னைப் பார்த்துப்போன பிறகு எழுதிய கடிதம் கிடைத்தது. அதற்கு முந்தின நாளே பையன் கையில் கொடுத்தனுப்பிய கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டும் வந்து சேர்ந்தது. அப்பளத்தை ஏன் முதலிலேயே சொல்லிவைக்கிறேன் என்பது பின்னால் வரும்.

"தின்னுக்கிட்டே பேசுறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்? கடைக்கு வாறவன்லாம் சிரிக்கான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் வணிகவியல் முடித்த பையன், காலேஜே வேண்டாம், ஃபுட் ரிவ்யூதான் என்று நின்றால் எந்தத் தகப்பனுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் டீ குடிக்கக் கீழே இறங்கிய இருபது நிமிடத்தில் என் அறையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

அவன் போட்ட ரீல்களை முதல் நாளே பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் ஒரு வாய் வைக்கிறான், கண்ணை மூடுகிறான், "வேற லெவல்" என்கிறான். அதனால் இரண்டு கடை அல்வாவைப் பேர் தெரியாமல் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தேன். முதலாவதைத் தின்றான். "வேற லெவல் சார்." இரண்டாவது? "இதுவும் வேற லெவல்தான்." எது எந்த லெவல் என்று கேட்டேன். முழித்தான்.

சரி, வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்கிற சொதிக் குழம்பை யார் வைப்பார்கள் என்று கேட்டேன். "ஆச்சி" என்றான். அப்புறம் நான் ஒன்றும் கேட்கவே இல்லை, பத்து நிமிடம் அவனே பேசினான். காய் மூன்றாம் பாலில் வேக வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட வேண்டும். தலைப்பாலைக் கடைசியில் தீயைக் குறைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான். இதெல்லாம் நம் ஊரில் பல வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒன்று சொன்னான் பாருங்கள்: "பாசிப்பருப்பு பழசா இருந்தா சரியா குழையாது சார். சொதி தண்ணியா நிக்கும். எங்க கடையில புது மூட்டை பிரிக்கிற அன்னைக்குத்தான் ஆச்சி சொதிக்குப் பருப்பு எடுப்பா."

இது உங்கள் பலசரக்குக் கடை கொடுத்த படிப்பு, அண்ணாச்சி. கேமரா வைத்திருக்கிற ஆயிரம் பேருக்கு இது வராது. அவனுக்கே இதன் மதிப்பு தெரியவில்லை. தெரிந்திருந்தால் "வேற லெவல்" என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்கமாட்டான்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசியே பேர் வாங்கியவர்களைப் பாருங்கள். அமெரிக்காவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே உள்ளூர்ப் பத்திரிகையில் பல காலமாக எழுதிவந்த மேரிலின் ஹாகர்ட்டி, ஊருக்குப் புதிதாக வந்த ஆலிவ் கார்டன் ஹோட்டலைப் பற்றி 2012 மார்ச்சில் ஒரு பத்தி எழுதினார். இது ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற சாதாரண ஹோட்டல்தான். 'இதையெல்லாமா இத்தனை அக்கறையாக எழுதுவது' என்று இணையத்தில் பலர் கேலி செய்தார்கள். கேலி செய்யத்தான் அதைப் பரப்பினார்கள். கடைசியில் அந்த அக்கறையே அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. அந்தோணி போர்டெய்ன் அவர் பத்திகளைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். பிரபலமானபோது அந்த அம்மாவுக்கு வயது 85. உங்கள் பையனுக்கு 17. இந்த வருடமே பிரபலமாகிவிட வேண்டும் என்று அவனுக்கு ஏன் இந்த அவசரம் என்பதுதான் என் கேள்வி.

லாஸ் வேகாஸில் பேர் எடுத்த கீத் லீ என்று ஒருவர். முன்பு கூண்டுக்குள் சண்டை போடும் வீரர். காரில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்து, நிதானமாகத் தின்று, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார். தன்னைக் கண்டால் கடைக்காரர் கூடுதலாகக் கவனிப்பார் என்று வீட்டு ஆட்களை அனுப்பி வாங்குகிறார், காசும் அவரே கொடுக்கிறார். நம்ம பக்கத்திலேயே ஆள் வேண்டுமென்றால் புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் என்கிற யூடியூப் சேனலைச் சொல்லலாம். அவர்கள் சமைப்பவர்கள், ரிவ்யூ செய்பவர்கள் அல்ல. ஆனாலும் 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அவர்களுடையதுதான். கேமரா வருவதற்கு முன்பே அந்தக் குழுவில் மூத்தவரான தாத்தாவின் கையில் பெரிய அண்டாச் சமையல் பழகியிருந்தது.

இந்தத் தொழிலின் இன்னொரு முகத்தையும் பையன் பார்க்க வேண்டும். ஒரு ரீலை நம்பி நானும் வீட்டுக்காரியும் ஜங்ஷன் பக்கம் ஒரு பிரியாணிக் கடைக்குப் போனோம். ஒரு மணி நேரம் வரிசை. வந்தது அரை வேக்காட்டு அரிசி. கடைக்காரரே வந்து, "வீடியோ போட்ட நாள்ல இருந்து அடுப்பு தாங்கல சார், ரெண்டு மாஸ்டர் ஓடிப்போயிட்டான்" என்று வருத்தப்பட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நூறு பேருக்குப் பொங்குகிற கடையைப் பற்றி லட்சம் பேரிடம் சொல்கிறவனுக்கு அந்த அடுப்பின் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

இனி காசு. யூடியூபில் விளம்பரப் பங்கு வர 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களுக்கு 90 நாளில் ஒரு கோடி பார்வை. அப்படி வந்தாலும் நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம்தான் இவன் பங்கு. 100 டாலர் சேராமல் வங்கிக்கு வராது. பதினெட்டு முடியும்வரை பெரியவர் ஒருவர் பேரில்தான் பணம் வாங்க முடியும், அதாவது உங்கள் பேரில். இன்ஸ்டாகிராமை நம்பி அந்த மாதிரி பங்கை எதிர்பார்க்க முடியாது. அங்கே பெரும்பாலும் கடைக்காரர் கொடுக்கிற புரமோஷன் காசுதான்.

அந்தக் காசில்தான் வில்லங்கம். காசோ, இலவசச் சாப்பாடோ வாங்கிக்கொண்டு அதை மறைத்துப் பாராட்டினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கேள்வி கேட்கும். பார்க்கிறவர் ஏமாறும்படி பேசினால் அபராதம் முதல் தடவை 10 லட்சம் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். வாங்கியதை வெளிப்படையாகச் சொல்லிவிடு என்பதுதான் 2023 ஜனவரியில் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். நான் உங்கள் அப்பளத்தை முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். அப்பளக் கட்டு வாங்கிக்கொண்டு பையனுக்கு ஆதரவாகப் பேசுகிறான் என்று நாளைக்கு மதினி சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. சுரண்டை பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், டிக்டாக்கில் நல்ல பேர் எடுத்தவள். 2020 ஜூன் 29இல் டிக்டாக்குக்கு அரசின் தடை வந்தது. மறுநாள் பார்த்தால் பின்தொடர்ந்தவர்கள் யாரும் இல்லை, போட்ட வீடியோ எதுவும் இல்லை. கையில் பி.காம். இருந்ததால் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தாள். வேலை போனது மாதிரி இல்லை சார், வீடே போன மாதிரி இருந்தது என்று என்னிடம் சொன்னாள்.

ஆகவே படிப்பை விடக் கூடாது. எந்தப் படிப்பு என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபடும். விஸ்காம், அதாவது படம் எடுப்பது, ஊடகம் பற்றிய படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாளையங்கோட்டை சேவியர்ஸ் கல்லூரியிலேயே இருக்கிறது, நல்ல படிப்புதான். ஆனால் படம் எடுப்பதை இவன் ஏற்கெனவே ஃபோனில் பழகிவிட்டான். இவனுக்கு இல்லாதது அடுப்படி அனுபவம். ஃபுட் டெக்னாலஜி சேர அறிவியல் குரூப் படித்திருக்க வேண்டும், இவனுக்கு ஆகாது. ஹோட்டல் மேனேஜ்மென்டுக்கு எந்த குரூப்பும் போதும். சென்னை தரமணியில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி துவாக்குடியில் மாநில அரசு நிறுவனம். என் ஓட்டு இதற்குத்தான். ஒன்றை மறைக்கக் கூடாது: நின்றுகொண்டே வேலை, பண்டிகை நாளில் லீவு கிடையாது, ஆரம்பச் சம்பளம் குறைவு. பையனைக் கடையை விட்டு அனுப்ப முடியாது என்றால் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் பி.காம். சேருங்கள், கெட்டுப்போகாது.

படிக்கும்போதே ரீலும் போடட்டும். வாரத்துக்கு ஒன்று போதும். புது ஃபோன், கேமரா என்று கேட்டால் இப்போதைக்கு வாங்கித் தராதீர்கள். சாப்பிட்டதற்கு அவனே காசு கொடுக்கட்டும். அந்தக் காசை உங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமை மூட்டை இறக்கிச் சம்பாதிக்கட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கடை, என்ன தின்றான், எவ்வளவு கொடுத்தான், ருசி எப்படி என்று எழுத வேண்டும். அந்த நோட்டில் "வேற லெவல்" என்று எழுதக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். சிரித்தான், ஆனால் ஒத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் நோட்டோடு அனுப்புங்கள், தனியாக வரட்டும். அந்த இரண்டு அல்வாவில் ஒன்றில் நெய் குறைவு, எது என்று கேட்கப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

அப்பளம் நன்றாகப் பொரிந்தது. மதினியிடம் சொல்லுங்கள்.